ஒன்பது படம், ஐந்து இயக்குநர், ஓர் இசையமைப்பாளர்: ஸ்டார் வார்ஸைச் சேர்த்துக் கட்டியிருப்பது எது?

படித்துறை

ஸ்டார் வார்ஸ் வரிசையின் ஒன்பது மையப் படங்களை ஐந்து பேர் இயக்கியிருக்கிறார்கள். முதல் படம் 1977இல் வந்தது, ஒன்பதாவது 2019இல். இடையில் நடிகர்கள் மூப்படைந்தார்கள், சிலர் மறைந்தார்கள். கதையைப் படைத்த ஜார்ஜ் லூகாஸே 2012இல் நிறுவனத்தை டிஸ்னிக்கு விற்றுவிட்டு விலகிக்கொண்டார். இசை மட்டும் ஒருவர் கையைவிட்டுப் போகவில்லை. ஜான் வில்லியம்ஸ் முதல் படத்துக்கு இசையமைத்தபோது அவருக்கு வயது 45. ஒன்பதாவது வெளியானபோது 87. இந்தப் படங்களை ஒரே கதையாக நம்மை நம்பவைத்தது திரைக்கதை அன்று, இந்த மனிதரின் மெட்டுகள்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இது என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. என் கீபோர்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பாடம் போக முதலில் கேட்டு வாங்குவது இந்தப் படங்களின் வில்லன் டார்த் வேடரின் அணிவகுப்பு இசையைத்தான். அதில் பாதிப் பேர் படத்தைப் பார்த்ததே இல்லை.

1970களின் நடுவில் ஹாலிவுட்டில் பெரிய வாத்தியக் குழு என்பது பழைய காலத்துச் சமாச்சாரம் ஆகிவிட்டிருந்தது. விண்வெளி என்றால் மின்னணுக் கருவிகளின் ஓசை என்று ஒரு வழக்கமும் இருந்தது. லூகாஸ் நேர்மாறாக, 1930, 40களின் சாகசப் படங்களில் கேட்ட மாதிரி முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்றார். வில்லியம்ஸை அவருக்குச் சொன்னவர் இயக்குநர் ஸ்பீல்பெர்க். 1977 மார்ச்சில் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து, டென்ஹாமில் இருந்த ஆன்வில் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. திரையில் தெரிவதெல்லாம் புதிது: இரண்டு சூரியன், ரோமம் போர்த்த விமானி, பீப்பாய் வடிவில் ஒரு ரோபோ. காதுக்காவது பழகியது வேண்டும் என்ற கணக்குதான் அது.

ஸ்வரமாகவே சொல்கிறேன். தொடக்க மெட்டு, கீழ்ப் பஞ்சமத்தில் மூன்று முறை தட்டிவிட்டுச் சட்ஜத்தில் ஊன்றி, அங்கிருந்து மேல் பஞ்சமத்துக்கு ஒரே தாவு. வெற்றி முழக்கம். கதையில் வரும் மாய சக்திக்கான 'ஃபோர்ஸ்' மெட்டும் அதே கீழ்ப் பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்குத்தான் ஏறுகிறது. ஆனால் தாவுவதில்லை, ரிஷபம், சாதாரண காந்தாரம் என்று படிப்படியாகப் போகிறது. ஒரே வாசலிலிருந்து கிளம்பி ஒன்று வீரத்துக்கும் மற்றது ஏக்கத்துக்கும் போகின்றன. கதாநாயகன் லூக் இரண்டு சூரியன்கள் மறைவதைப் பார்த்து நிற்கும் காட்சியில் இந்த இரண்டாவது மெட்டு எழும்போது, அந்தப் பையனுக்கு இன்னும் தெரியாத ஏதோ ஒன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதைத்தான் இசையின் நினைவு என்கிறேன்.

ஒத்தக்கடை

தங்க ரோபோவாக நடித்த ஆன்டனி டேனியல்ஸும் ஒன்பது படங்களிலும் இருக்கிறார் அண்ணே. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். விரிவாக இரவு வேலை முடிந்து எழுதுகிறேன்.

பழைய புத்தகக்கடை

படித்துறை, உங்கள் பிள்ளைகள் கேட்டு வாங்கும் அந்த அணிவகுப்பு இசையையே எடுத்துக்கொள்வோம். 1977 படத்தில் அது கிடையாது. ஒரு நொடிகூடக் கிடையாது. அது 1980இல், இரண்டாம் படத்துக்காக எழுதப்பட்டது. அப்படியானால் முதல் படத்தில், வெள்ளைப் புகைக்குள்ளிருந்து கறுப்பு உடையில் வந்து நின்ற ஆளைப் பார்த்து உலகம் எதனால் நடுங்கியது? மூச்சால். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், நீருக்கடியில் நீந்துபவர்கள் பயன்படுத்தும் சுவாசக் கருவியின் வழியாக மூச்சுவிட்டுப் பதிவு செய்த ஓசை அது. ஒளிவாளின் ரீங்காரம், பழைய புரொஜக்டர் மோட்டாரின் முனகலும் தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய் இரைச்சலும் சேர்ந்தது. அந்த ரீங்காரம் ஒன்பது படங்களிலும் வருகிறது. ஆனால் பர்ட்டுக்கு யாரும் கச்சேரி வைப்பதில்லை.

அடுத்தது, இசைக்கு நினைவு என்கிறீர்கள். நான் கேட்டவரை மறதிதான் அதிகம். லூக்கின் குருவான கிழவர் பென் கெனோபி வாளுக்கு இரையாகும் இடத்தில் வருவது அவருடைய மெட்டு இல்லை, இளவரசி லேயாவின் மெட்டு. அந்தப் பெண்ணுக்கும் கிழவருக்கும் பழக்கமே கிடையாது. வில்லியம்ஸுக்கு அந்த இடத்தில் நல்ல உருக்கமான மெட்டு ஒன்று தேவைப்பட்டது, கையில் இருந்ததைப் போட்டார். இரண்டாம் படத்தில் மேகநகரத்திலிருந்து தப்பி ஓடும் காட்சியில் லூக்கின் இன்னொரு குருவான யோடாவின் மெட்டு வருகிறது. யோடா அங்கே எங்கே இருக்கிறார்? லேயாவுக்கு எழுதிய மெட்டே முழுக் காதல் மெட்டு. லூக்கும் அவளும் சேரப்போகிறார்கள் என்று நினைத்தே அதை எழுதினார். 1983இல் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று கதை திரும்பியது. பாடலாசிரியர் மாப்பிள்ளையின் பெயரைத் தவறாக எழுதிய கதை.

நல்ல இசை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. நல்ல இசை வேறு, முன்கூட்டித் திட்டமிட்ட ஞானம் வேறு. ரசிகர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நாயனக்காரர் பேரன்

இரண்டு பெரியவர்களுக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். நான் வாசிப்பதில்லை, கேட்பதோடு சரி. ஆனாலும் இந்த விவாதத்தில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டை ராகம். சாகித்தியம் கிடையாது, ஒரு சொல்கூட இல்லை. தவில் தொடங்கிக் கொடுக்க, நாகஸ்வரம் காலம் மாற்றி மாற்றி அதே வரிசையை வாசிக்கும். நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்கு என்று தனியாகத் தேர் மல்லாரி. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாசி வீதி முக்கில் முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாமல் மாட்டிக்கொண்டவருக்கும், அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்பது காதால் தெரியும். சுவாமி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கை கூப்பிவிடுகிறார்கள். மேற்கே ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தம் இசை நாடகங்களில் ஆளுக்கொரு மெட்டு, பொருளுக்கொரு மெட்டு என்று வைத்ததைப் பெரிதாகச் சொல்கிறார்கள். வில்லியம்ஸ் வந்த வழியும் அதுதான். நமக்கு அது புதிதில்லை.

ஆனால் மல்லாரிக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? கம்பீர நாட்டையில் எத்தனையோ கீர்த்தனங்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு யாரும் கை கூப்புவதில்லை. மல்லாரியை அந்தந்த நேரத்தில் மட்டும் வாசித்தார்கள், வேறு நேரத்தில் வாசிக்கவில்லை என்பதுதான் விஷயம். கல்யாண வீட்டில் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் தாத்தா சிரித்துக்கொண்டே வேறு எதையாவது எடுத்துவிடுவார். இன்று கச்சேரி மேடைகளிலும் வாசிக்கிறார்கள், அது வேறு கதை.

புத்தகக்கடை ஐயா சொன்ன இரண்டு இடங்களும் சரி. பென் கெனோபியின் சாவில் லேயாவின் மெட்டு வந்தது வரிசை தப்பியதுதான். ஆனால் அது 1977. முதல் வருஷத் திருவிழாவில் வழக்கம் என்று ஒன்று எப்படி இருக்கும்? நாலு வருஷம் நடந்த பிறகுதான் இன்ன நேரத்துக்கு இன்னது என்று ஏற்படும். வில்லியம்ஸுக்குத் திட்டம் இருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. பிறகு வந்த படங்களில் அந்த மெட்டுகளை எங்கே அடக்கிவைத்தார், எங்கே விட்டார் என்பதைப் பாருங்கள். அங்கேதான் படித்துறை அண்ணன் சொல்லும் நினைவு இருக்கிறது.

படித்துறை

தம்பி, அருமை. புத்தகக்கடைக்கு நான் சொல்ல நினைத்ததை நீங்கள் பாதி சொல்லிவிட்டீர்கள். மீதி இது.

அணிவகுப்பு மெட்டு 1980இல் வந்தது என்பது எனக்கு எதிரான சாட்சியா? எனக்குச் சாதகமான சாட்சி அது. அதன் அடியில் ஜி மைனர் கார்டு, அடுத்தது இ ஃபிளாட் மைனர் கார்டு. இரண்டும் ஒரே ஸ்கேலுக்குள் அடங்காது. வகுப்பில் பிள்ளைகள் இடது கையை அங்கே வைத்ததும் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். ஏதோ தப்பாக அழுத்திவிட்டோமோ என்று என்னைப் பார்ப்பார்கள். தப்பு மாதிரி ஒலிக்கும் அந்த இடம்தான் வேடர்.

இனி அதே மெட்டு போன வழியைப் பாருங்கள். 1983 படத்தில் முகமூடி கழற்றப்பட்ட வேடர் மகன் லூக்கின் மடியில் சாகிறார். அங்கே பித்தளை முழக்கம் இல்லை. வயலின்கள் உச்ச ஸ்தாயியில், பிறகு மரக்குழல்கள், கடைசியில் ஹார்ப் தனியாக அந்த அணிவகுப்பைத் துளித்துளியாக வாசித்து முடிக்கிறது. அதே ஸ்வரங்கள். 1999இல் வந்த முன்கதைப் படத்தில் அந்த ஆள் சின்னப் பையனாக வருகிறான், அனகின். அவனுக்கு ஒரு வெகுளியான மெட்டு. அதன் வால் பகுதியை மட்டும் தனியே வாசித்துப் பாருங்கள், வேடர் நிற்பார். திரையில் ஒன்பது வயதுப் பையன் சிரித்துக்கொண்டிருக்க, அவனுக்கு வரப்போவதை வாத்தியங்கள் கிசுகிசுக்கின்றன.

இவையெல்லாம் பின்னால் சேர்ந்தவை என்பீர்கள். ஆமாம். பின்னால் சேர்வதற்கு முன்னால் ஒன்று இருந்தாக வேண்டுமே. வசனத்தையோ உடையையோ வைத்து இதைச் செய்திருக்க முடியாது என்பதுதான் நான் சொல்வது.

நரிமேடு ஆல்டோ

எல்லாரும் வாத்தியங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். குரல்கள் என்ன பாவம் செய்தன? தேவாலயப் பாடகர் குழுவில் பல காலமாக இரண்டாம் குரல் பாடுகிறவள் என்ற உரிமையில் நுழைகிறேன்.

முதல் இரண்டு படங்களில் கூட்டுக்குரல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வில்லியம்ஸ் அதைக் கையில் எடுத்தது 1983இல், பேரரசருக்கு. ஆண் குரல்கள் மட்டும், அடி ஸ்தாயியில், சொல்லே இல்லாமல் ஒரு முனகல். அதில் தாளம் என்று பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வேடருக்கு அணிவகுப்பு, அவர் எசமானருக்கு அசைவே இல்லாத இசை. யார் யாருக்கு அடிமை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பிறகு 1999இல் அந்த இருமுனை வாள் சண்டை. லண்டன் ஆர்கெஸ்ட்ராவோடு பெரிய பாடகர் குழு, அபே ரோடு ஸ்டுடியோ. அதில் பாடப்படுவது சமஸ்கிருதம் என்று இங்கே பலருக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்பது இன்னும் வேடிக்கை: பழைய வேல்ஸ் மொழிக் கவிதை ஒன்று, அதைக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் ஆங்கிலத்தில் தந்தார், அதிலிருந்து சில வரிகளைச் சமஸ்கிருதமாக்கிப் பாடவைத்தார் வில்லியம்ஸ். அசைகளை உடைத்து, மாற்றி அடுக்கியிருக்கிறார். இங்கே வேதபாடசாலையில் படித்த ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாலும் அவருக்குப் பொருள் பிடிபடாது. அவர் பொருளுக்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, வாய் நிறையத் திறக்கும் உயிரோசைகளுக்காகத் தேர்ந்தெடுத்தார். பாடுகிறவர்களுக்கு இது புரியும். வாய் மூடிய ஓசைகளை வைத்துக்கொண்டு பித்தளை வாத்தியங்களை மீறிக் கேட்கவைக்க முடியாது. எங்கள் குழுவில் டிசம்பர் மாதம் முழுக்க நடக்கும் சண்டையே இதுதான்.

அந்தச் சண்டையில் மோதுகிறவர்கள் மூன்று பேர், அதில் கெட்டவனுக்கு வசனம் இரண்டு மூன்று வரிதான். அவன் யார், எதற்காக வெறி, எதுவும் நமக்குத் தெரியாது. கூட்டுக்குரல் ஒன்றுதான் அதை ஏதோ யுகங்களாக நடக்கும் வழக்காக ஆக்குகிறது. இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் மூன்று நல்ல சிலம்பாட்டக்காரர்கள் தெரிவார்கள்.

இன்னொன்று, இதைக் கேட்காதவர்கள் கட்டாயம் கேளுங்கள். அதே படத்தின் முடிவில் ஊர்வலம், கொண்டாட்டம், சிறுவர்களின் குரலில் துள்ளலான பாட்டு. அந்தப் பாட்டு வேறு எதுவும் இல்லை, 1983இன் பேரரசர் மெட்டுதான். மேஜருக்கு மாற்றி, வேகத்தைக் கூட்டி, பூ வைத்துப் பொட்டு வைத்து விட்டிருக்கிறார். மேடையில் நின்று பேரரசராகப் போகிறவர் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறார். யார் ஜெயித்தது என்று குழந்தைகளே பாடிச் சொல்கிறார்கள், கதையில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

பழைய புத்தகக்கடை

அம்மா, அந்த ஊர்வலப் பாட்டை நானும் கேட்டிருக்கிறேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை, மனிதர் விஷமக்காரர். ஆனால் அந்தப் படத்தின் இரண்டு மணி நேரத்தை அது காப்பாற்றிவிட்டதா? இசைக்காக ஒரு படத்தை மன்னிப்பது நம் ஊர்க்காரர்களின் தீராத பழக்கம்.

ஒத்தக்கடை

வேலை முடிந்தது. நான் ஒலிக்கலவை வேலை செய்கிறவன், மொழிமாற்றுப் படங்களுக்கும் செய்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகள்.

மொழிமாற்றத்துக்கு ஒரு வெளிநாட்டுப் படம் வரும்போது வசனம் நீக்கிய ஒலிப்பட்டை ஒன்று தனியாக வரும். எம்.இ. டிராக் என்போம். இசையும் ஓசையும் மட்டும் அதில் இருக்கும். குரலை நாங்கள் மாற்றுகிறோம், வசனத்தை மாற்றுகிறோம், நகைச்சுவை புரியாவிட்டால் வேறு நகைச்சுவை போடுகிறோம். அந்த டிராக்கில் மட்டும் கை வைப்பதில்லை. ஆகவே லண்டனில் கேட்டவருக்கும் மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் ஏறி வந்து தமிழில் பார்த்தவருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும் பாதி அதுதான். படித்துறை அண்ணன் கட்சிக்கு இது ஒரு வாக்கு. அதே டிராக்கில் பென் பர்ட்டின் மூச்சும் இருக்கிறது என்பதால் புத்தகக்கடை ஐயாவுக்கும் ஒரு வாக்கு.

அடுத்தது கசப்பானது. இசையமைப்பாளர் எழுதி, வாசித்து, பதிவு செய்து கொடுத்த பிறகும் படத்தொகுப்பு மாறும். 1999 படத்தில் இசைப்பதிவு முடிந்த பிறகும் வெட்டி ஒட்டினார்கள். காது கூர்மையானவர்களுக்குத் தையல் தெரியும், ஒரு வாக்கியத்தின் நடுவில் சட்டென்று வேறு பகுதி தொடங்கும். 2002 படத்தின் கடைசிப் போர் இன்னும் மோசம். அங்கே கேட்பதில் பெரும்பகுதி புதிதாக எழுதியது இல்லை, 1999 படத்துக்காக வாசித்ததை எடுத்து ஒட்டியது. பேரன் தம்பி சொன்ன மல்லாரி நியாயம் இங்கே அடிபடுகிறது பாருங்கள். இன்ன நேரத்துக்கு இன்னது என்று இசையமைப்பாளர் வைத்த வரிசையைப் படத்தொகுப்பாளரின் கத்தரி மதிப்பதில்லை. தொடரின் நினைவு என்று நாம் புகழ்வதில் கொஞ்சம், நேரமின்மை.

தற்காலிக இசை என்றும் ஒன்று உண்டு. படத்தொகுப்பின்போது ஏதாவது பழைய இசையைப் போட்டுப் பார்ப்பார்கள். ஸ்டான்லி குப்ரிக் 1968இல் விண்வெளிப் படம் எடுத்தபோது அலெக்ஸ் நார்த் எழுதிக் கொடுத்த இசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தற்காலிகமாக வைத்திருந்த பழைய மேற்கத்திய இசையையே படத்தில் விட்டுவிட்டார். லூகாஸும் ஹோல்ஸ்ட், ஸ்ட்ராவின்ஸ்கி என்று பழைய மேற்கத்திய இசையமைப்பாளர்களை வைத்துத்தான் தொகுத்தார். முதல் படத்தில் பாலைவனம் வரும் இடங்களிலும், போர் இசையின் இடிகளிலும் அவர்களின் நிழல் இருக்கிறது. வில்லியம்ஸ் செய்த பெரிய காரியம், கடன் வாங்கிய இசையே படத்தில் தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டது. ஹோல்ஸ்டை அப்படியே போட்டிருந்தால் 1999இல் மேஜருக்கு மாற்றிக் குழந்தைகளைப் பாடவைக்க எதுவும் இருந்திருக்காது.

அந்த இரட்டைச் சூரியன் காட்சிக்கும் ஒரு கதை உண்டு. வில்லியம்ஸ் முதலில் அங்கே வேறு இசை எழுதியிருந்தார். லூகாஸ்தான் அந்த 'ஃபோர்ஸ்' மெட்டை இங்கே போடுங்கள் என்றார். முதலில் எழுதியதும் பிறகு இசைத்தட்டில் வெளிவந்தது. நல்ல இசைதான், ஆனால் கேட்டால் பையன் வருத்தத்தில் இருக்கிறான் என்பதோடு நின்றுவிடும்.

பழைய புத்தகக்கடை

ஒத்தக்கடை தம்பி, கடைசிச் செய்திக்கு நன்றி. ஆக, படித்துறையின் முதல் பதிவில் உச்சமாக நிற்கும் காட்சியே இயக்குநர் கேட்டு வந்தது!

இனி நான் ஒரு எதிர்க்கேள்வி வைக்கிறேன். ஒருவரே இசையமைத்தால்தான் தொடர் நிற்கும் என்றால் இன்னொரு விண்வெளித் தொடரான ஸ்டார் டிரெக் எப்படி நின்றது? அங்கே இசையமைப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1966 தொலைக்காட்சித் தொடருக்கு அலெக்ஸாண்டர் கரேஜ் ஒரு சிறு முழக்கம் எழுதினார். 1979இல் முதல் திரைப்படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் முற்றிலும் புதிய மெட்டு கொடுத்தார். 1982இல் வந்த ஜேம்ஸ் ஹார்னர் கோல்ட்ஸ்மித்தின் மெட்டைத் தொடவே இல்லை. கரேஜின் பழைய முழக்கத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தம் கப்பல் இசையை எழுதினார். 1987இல் புதிய தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது, ஹார்னரை விட்டுவிட்டுக் கோல்ட்ஸ்மித்தின் 1979 மெட்டைத் தலைப்பிசை ஆக்கினார்கள். இவ்வளவு குழப்படியிலும் அந்த உலகம் சிதறவில்லை. சில நொடி முழக்கம் போதுமாக இருந்தது. அங்கே தொடரைக் கட்டியது கதாபாத்திரங்கள் பேசிய பேச்சு.

நாயனக்காரர் பேரன்

ஐயா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். எத்தனை பேர் வந்து போனாலும் அந்த முழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். வாசிப்பவர் மாறுவதில் தவறே இல்லை. எங்கள் தொழிலில் அண்ணன் விட்ட இடத்தில் தம்பி பிடிப்பார். என்ன வாசிக்க வேண்டும் என்பது மாறக்கூடாது, அவ்வளவுதான்.

வாசிப்பவர்கள் என்றதும் ஒன்று. ஸ்டார் வார்ஸின் முதல் நொடியில் அடிக்கிற டிரம்பெட், மாரிஸ் மர்ஃபி என்பவருடையது. லண்டன் சிம்பனியில் முதன்மை டிரம்பெட்டாக அவர் சேர்ந்த புதிதில் கிடைத்த வேலை அது. தொடர்ந்து ஆறு படங்களுக்கும் அவரே வாசித்தார். உலகம் முழுக்கத் தெரிந்த ஓசை, பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் கேட்கும் நாகஸ்வரம் எங்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பது இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? திரையில் விரல் அசைந்தவரைத்தான் எல்லாருக்கும் தெரியும்.

மட்டுறுத்துநர்

ஸ்டார் டிரெக்கா ஸ்டார் வார்ஸா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே இசையை மட்டும் பேசுங்கள்.

படித்துறை

பேசுவோம். இன்னும் யாரும் தொடாத இடம் 2015க்குப் பிறகு வந்தவை. பேரன் தம்பி சொன்ன அடக்கம் என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டே வருகிறேன்.

கடைசி மூன்று படங்களுக்கு லண்டன் ஆர்கெஸ்ட்ரா இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்தார்கள். 2015இல் ரே என்ற பெண்ணுக்கு வில்லியம்ஸ் எழுதிய மெட்டு, எண்பதைத் தாண்டியவர் எழுதியது என்று நம்ப முடியாத அளவுக்கு இளமை. மணி மாதிரி ஒலிக்கும் செலஸ்டா என்ற கீபோர்டும் மரக்குழல்களுமாகத் துள்ளிக்கொண்டு வரும். மணல் மேட்டில் தனியாகக் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண் யார் என்று கதை சொல்ல மறுத்தபோது, இசை சொல்லிவிட்டது: கெட்டிக்காரி, தனிமையானவள், எதற்கோ காத்திருக்கிறாள்.

ஆனால் அதே மூன்று படங்களில் 'ஃபோர்ஸ்' மெட்டை எங்கே பார்த்தாலும் விட்டார்கள். யாராவது நிமிர்ந்து பார்த்தால் அது வரும், கப்பல் மேலே ஏறினால் வரும், பழைய முகம் ஒன்று தெரிந்தால் நிச்சயம் வரும். 1977இல் அது புதிய ஒன்றைக் காட்டியது. 2019இல் பழைய படத்தை ஞாபகப்படுத்துவதே அதன் வேலை ஆகிவிட்டது. திரைக்கதைக்குச் சொல்ல ஒன்றும் இல்லாத இடங்களில் பார்வையாளரின் கண்ணீரை அந்த மெட்டிடம் குத்தகைக்கு விட்டார்கள். வில்லியம்ஸைக் குறை சொல்லவில்லை. படம் கேட்டதைக் கொடுத்தார். என் கட்சி இங்கே கொஞ்சம் நொண்டுகிறது என்பது எனக்கே தெரிகிறது, இருந்தாலும் விடமாட்டேன்: நொண்டும்போதும் படத்தைத் தூக்கி நடந்தது அந்த மெட்டுதான்.

மற்றவர்கள் செய்ததையும் பாருங்கள். 2016இல் வந்த துணைப்படத்துக்கு மைக்கேல் ஜியாக்கினோவுக்குக் கிடைத்தது நாலரை வாரம். முன்பு ஒப்பந்தமானவர் விலகிய பிறகு அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் வில்லியம்ஸின் நடையைப் பார்த்து எழுதினார். பழுதில்லை, தனித்தும் நிற்கவில்லை. 2019இல் 'மாண்டலோரியன்' தொடருக்கு வந்த லூட்விக் யோரன்சன் அந்தப் பக்கமே போகவில்லை. பாஸ் ரெக்கார்டர் என்ற, பாலைக் காற்று மாதிரி ஒலிக்கும் தடித்த குழல் ஒன்றை எடுத்து ஊதினார். இரண்டு ஸ்வரத்தில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். கூட்டத்தோடு சேராதவனுக்கு நூறு பேர் வாசிக்கும் இசை பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நரிமேடு ஆல்டோ

அந்தக் குழலை நானும் ரசித்தேன். ஆனால் சகோதரரே, அது பொருந்தியதற்குக் காரணம் 42 வருஷத்து ஆர்கெஸ்ட்ரா நம் காதில் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது எது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது தனிமையாகக் கேட்கும். முதல் படத்துக்கே ஒற்றைக் குழலை வைத்திருந்தால் ஏதோ கௌபாய்ப் படம் என்று போயிருப்போம்.

1997இல் மூன்றாம் படத்தின் கடைசிப் பாட்டை மாற்றியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சுப் பொம்மைக் கரடிகள் பாடிய கும்மாளப் பாட்டை எடுத்துவிட்டு, சாந்தமான வேறொரு கொண்டாட்ட இசையை வில்லியம்ஸே எழுதிக் கொடுத்தார். காட்டில் ஒரு குடியிருப்பு மகிழ்ந்த மாதிரி இருந்தது அண்டம் முழுக்க மகிழ்ந்த மாதிரி ஆனது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அந்தக் கரடிகள் சுருதி சேராமல் பாடினாலும் மனதோடு பாடின.

பழைய புத்தகக்கடை

முதல் முறையாக உங்களோடு முழு உடன்பாடு அம்மா.

ஒத்தக்கடை

எல்லாரும் சண்டை போடுவதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. 2017 படத்துக்கு வசனமும் ஓசையும் இல்லாமல், முழு நீளத்துக்கும் இசையை மட்டும் வைத்து ஒரு வடிவத்தை இணையவழியில் வெளியிட்டார்கள். அதை எங்காவது பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். சனிப் படலம் மாதிரி நீளும் நடுப்பகுதிகூட ஊமைப்படம் போல ஓடிவிடுகிறது. வாய் அசைகிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. பேச்சையும் சேர்த்துப் பார்த்தபோது இருந்ததைவிட எனக்குப் படம் பிடித்திருந்தது. கலவை மேசையில் நான் இத்தனை நாளாக இசையின் ஒலியளவைக் குறைத்துக் குறைத்து வசனத்துக்கு வழிவிட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

படித்துறை

புத்தகக்கடை, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய புத்தகக்கடை

இசையை நிறுத்திவிட்டுப் பர்ட்டின் மூச்சையும் வாளையும் மட்டும் வைத்து ஒரு வடிவம் வெளியிடச் சொல்லுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.